கராம்புச் சபை உத்தியோகத்தர்

ரெய்னர்ஸ் லேன்
லண்டன், 3 மார்ச் 2025

பெரியப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதியதற்கே முதலில் மன்னிக்க வேண்டும். எழுதுகிறவள் உங்கள் தம்பி சிவானந்தனின் இளைய மகள் மஹதி. என் பெயரைக் கண்டால் உறையைத் திறக்காமல் வைத்துவிடுவீர்கள் என்று நினைத்து, வெளியில் அலுவலக முகவரியை மட்டும் எழுதினேன். அதற்கும் மன்னிப்பு. ரெலிபோனில் கதைக்க எனக்குத் துணிவு வரவில்லை. கதைத்தால் எனக்குச் சொற்கள் முன்னுக்குப் பின்னாக வரும்.

நான் இப்போது ஒரு சட்ட உதவி நிலையத்தில் வேலை செய்கிறேன். சொலிசிற்றர் இல்லை. கோப்புகளை ஒழுங்குபடுத்துவதும் மொழிபெயர்ப்பதும் என் வேலை. போன வியாழன் எங்கள் சொலிசிற்றர் றஜீனா அக்கா ஒரு கோப்பை என் மேசையில் வைத்து, “தமிழ்க் கையெழுத்து. வாசிச்சு இங்கிலீசில தாரும்” என்றார். பெயரைப் பார்க்க முன்பே ஆளைத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் எனக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்து மட்டைகளில் இருந்த எழுத்து அது.

நான் கோப்பை மூடிவிட்டு, “இவர் என்ர பெரியப்பா. ரெண்டு வீட்டுக்கும் ஆறு வருசமாக் கதைபேச்சு இல்லை” என்றேன்.

“அப்ப அவருக்கு எழுதிக் கேளும். ஓம் எண்டால் நீர் செய்யலாம். இல்லையெண்டால் வெளியால ஆளைப் பிடிப்பம்.”

அதனால்தான் கேட்கிறேன். மூடுவதற்கு முன் மேலோட்டமாகப் பார்த்ததை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கராம்புச் சபையின் வக்கீல்களிடமிருந்து பதில் வந்திருக்கிறது. உங்களை ஏன் வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று அவர்கள் விளக்கவில்லை. விளக்கத் தேவையில்லை என்கிறார்கள். கராம்பு விற்பதற்காக அவர்களுடைய நாட்டு அரசாங்கமே உருவாக்கிய சபை என்பதால், சபையும் அந்த அரசாங்கமும் ஒன்று. ஒரு நாட்டின் அரசாங்கத்தை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. இதுதான் அவர்கள் வாதம். ஜூன் 11ஆம் திகதி தொழில் நீதிமன்றம் இதை மட்டும் தீர்மானிக்கும். அவர்கள் வென்றால் வழக்கு அன்றோடு முடிந்துவிடும்.

அவர்கள் காட்டும் பெரிய ஆதாரம், 2018இல் சபையின் டைரக்டர் கையெழுத்திட்ட ஒரு கடிதம். மேலே அரச சின்னம் இருக்கிறது. ‘திரு. ஸ்ரீதரன் எமது அரசின் சார்பில் இராஜதந்திர ஒழுங்குகளைக் கவனிக்கும் உத்தியோகத்தர்’ என்று அதில் எழுதியிருக்கிறது. அதை அவர்கள் எங்கும் தேடிப்போகவில்லை. உங்கள் மனுவோடு நீங்கள் இணைத்த பத்திரங்களில் முதலாவதே அதுதான்.

அனுமதி தருவதா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மஹதி


மிச்சம்
லண்டன், 12 மார்ச் 2025

பிள்ளை மஹதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்த வீட்டிலிருந்து ஒன்று வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. பிழை உன்னுடையது அல்ல, ஆகவே பதில் எழுதுகிறேன்.

மொழிபெயர்க்க அனுமதி உண்டு. முதல் மொழிபெயர்க்க வந்த பெண் நல்ல பிள்ளைதான். ஆனால் ஒன்றை மூன்று தரம் கேட்பா. மூன்றாம் தரம் என்ன சொன்னேன் என்று எனக்கே மறந்துவிடும்.

நடந்ததை நேராக எழுதுகிறேன். போன வருடம் எனக்கு முழங்காலில் ஒப்பரேசன். எட்டுக் கிழமை லீவு, கடிதத்தோடு எடுத்தது. ஒக்டோபரில் திரும்பிப் போனபோது என் கார்ட்டுக்குக் கதவு திறக்கவில்லை. உள்ளே புது செக்யூரிற்றி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு தாளைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். என் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வெளியே தந்தார்கள். செருப்பு, திருநீற்றுப் பை, உள்ளே போடுகிற மேல்சட்டை. பத்தொன்பது வருடத்துக்கு அவ்வளவுதான்.

காரணத்தை இரண்டு நாள் கழித்துக் கணக்காளர் ரெலிபோனில் சொன்னார். தேசிய தினத்துக்கு எடுக்கிற வெள்ளித் தட்டைக் காணவில்லையாம். ஸ்ரோரைப் பூட்டுகிற திறப்பு என்னிடம் இருந்ததாம். புது டைரக்டர் அப்படி நினைக்கிறாராம். ஒருவரும் எழுதித் தரவில்லை. ஆனால் கதை எனக்கு முன்னால் ஊருக்குள் வந்துவிட்டது. தைப்பூசத்துக்குக் கோயிலில் பந்தி முடிந்து தட்டுகளை அடுக்கப் போனேன். ஒருவர் சிரித்துக்கொண்டு, “அண்ணை, எண்ணி வையுங்கோ” என்றார். அதன்பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்கு அவர்களின் வேலை திரும்ப வேண்டாம். ஒரு நீதவான் அவர்களைப் பார்த்து, “இவர் எடுத்தாரா, எடுத்ததை யார் கண்டது?” என்று ஒரு தரம் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் வழக்கு.

டைரக்டரின் கடிதம் உண்மையானது. நான் எம்பசி சேவையில் இருந்தவன். அதைவிட நல்ல பத்திரம் என்னிடம் இல்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

இதை உன் தகப்பனிடம் சொல்லாதே.

இப்படிக்கு
வே. ஸ்ரீதரன்


ரெய்னர்ஸ் லேன்
24 மார்ச் 2025

பெரியப்பாவுக்கு,

அனுமதிக்கு நன்றி. கோப்பில் உள்ள எதையும் நான் வீட்டில் சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது, அது வேலை விதி.

சட்டத்தை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். பிழை இருந்தால் றஜீனா அக்கா திருத்தியிருப்பார், இதை அவர் வாசித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் நீதிமன்றத்துக்குப் பொதுவாக இழுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு நாடு உருவாக்கிய எல்லாமே அந்த நாடு ஆகிவிடாது. சபை அரசாங்கத்திலிருந்து தனியான ஒன்றா, தன் பெயரில் வழக்குப் போடவும் தன் மேல் வழக்குப் போடப்படவும் கூடியதா என்று முதலில் பார்ப்பார்கள். அந்த நாட்டுப் பாராளுமன்றம் சபையை உருவாக்கிய சட்டத்தைத் தேடி எடுத்தேன். நாலாம் பிரிவில் அது அப்படியே எழுதியிருக்கிறது. சபைக்குத் தனிப் பெயர், தனி முத்திரை, வழக்காடும் தகுதி. றஜீனா அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எனக்குக் குடிக்க ஒரு கோப்பி வாங்கித் தந்தார்.

அதோடு முடியவில்லை. தனியான சபை என்றாலும், அரசாங்கம் மட்டுமே செய்யக்கூடிய வேலையைச் செய்திருந்தால் அந்த அளவில் அதற்குப் பாதுகாப்பு உண்டு. ஆகவே அடுத்த கேள்வி உங்களைப் பற்றியது. நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள்? விசா கொடுத்தீர்களா, அந்த நாட்டுக்காக இன்னொரு நாட்டோடு பேசினீர்களா? அல்லது எந்தக் கடையிலும் எந்தக் கொம்பனியிலும் ஒருவர் செய்யக்கூடிய வேலையா?

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் வேலை எவ்வளவு சாதாரணமானதோ அவ்வளவுக்கு உங்கள் வழக்கு பலமாக இருக்கும். அது எவ்வளவு பெரிய உத்தியோகமோ அவ்வளவுக்கு அவர்களுக்கு நல்லது. அவர்களுடைய வக்கீல்கள் உங்களை மிக மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். பதிலில் ஏழு இடத்தில் ‘உத்தியோகத்தர்’ என்று வருகிறது.

காலையில் கதவைத் திறந்ததிலிருந்து மாலையில் பூட்டும்வரை ஒரு நாள் என்ன செய்வீர்கள் என்று எழுதி அனுப்ப முடியுமா? அதை உங்கள் வாக்குமூலமாக நான் மொழிபெயர்ப்பேன்.

மஹதி


மிச்சம்
5 ஏப்ரல் 2025

மஹதிக்கு,

விளங்கியது. என் மகளின் கலியாணத்தில் உன் தகப்பன் சொன்னதை இப்போது நானே என் கையால் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். அதைத்தான் நீ கேட்கிறாய்.

நீ அன்றைக்கு எந்த மேசையில் இருந்தாயோ தெரியாது. ஜதுர்ஷிகாவின் கலியாணம், ஹரோவில் மண்டபம், சாப்பாட்டு நேரம். சம்பந்தி ஜேர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த மனிசன், எதையும் விபரமாகக் கேட்பார். “அண்ணைக்கு எம்பசியில எந்தப் பகுதி?” என்று என்னைக் கேட்டார். நான் வாயில் இருந்ததை விழுங்க முன்னம் உன் தகப்பன் முந்திக்கொண்டான். “தேத்தண்ணிப் பகுதி. அண்ணைதான் அங்க தேத்தண்ணி அம்பாசிடர்.” ஒரு மேசை முழுக்கச் சிரித்தது. பிறகு பக்கத்து மேசை. தாலிக்குப் பொன்னுருக்கின நாளில் வராத சனமெல்லாம் அன்றைக்குச் சிரிக்க வந்திருந்தது.

அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவனும் அவன்தான். கார்கோக் கொம்பனியில் வான் ஓடின காலம், சபையின் ஸ்ரோருக்கு ஒவ்வொரு செவ்வாயும் பெட்டி இறக்குவான். ஆள் தேவை என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோய் விட்டான். அதற்காக அவனுக்கு என்னைப் பற்றி எதுவும் சொல்ல உரிமை இருக்கிறதா?

நீ கேட்காமல் விட்டதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கடிதம் சம்பந்தம் பேசும்போது நான் கேட்டு வாங்கினது. பழைய டைரக்டர் நல்ல மனிசன், எனக்கு மகள் இருப்பது தெரியும். “என்ன எழுத வேணும், சிறி?” என்று கேட்டார். நான் சொன்னேன், அவர் ரைப் அடிக்கச் சொன்னார். கலியாணம் முடிந்த கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போய் அதைக் காட்டினேன். தம்பிக்கு எரிச்சல், அதுதான் அப்படிச் சொன்னவன் என்றேன். அவர்கள் வாசித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

தீர்ப்பெல்லாம் இன்ரநெற்றில் வரும் என்று கேள்வி. சம்பந்தி எதையும் தேடிப் பார்க்கிற ஆள். நான் கள்ளன் இல்லை என்று காட்டப் போய்ப் பொய்யன் ஆவதா? வழக்கை விடுகிறேன். அதற்கு ஒரு படிவம் இருக்குமே, அனுப்பு.

வே. ஸ்ரீ.


ரெய்னர்ஸ் லேன்
14 ஏப்ரல் 2025

பெரியப்பாவுக்கு,

படிவம் இதோடு இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையொப்பம் வைத்து அனுப்பினால் போதும். முத்திரை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். உங்கள் முடிவை மாற்றச் சொல்லி எழுத மாட்டேன். அது உங்கள் வழக்கு.

ஆனால் கையொப்பம் வைக்க முன் நீங்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. சபையின் பதிலில் ஒன்பதாம் பந்தியை முதல் கடிதத்தில் நான் சொல்லவில்லை. ‘நீதிமன்றம் விசாரிக்க முடிவெடுத்தால், பெறுமதியான அரச உடைமை ஒன்று காணாமல் போனதால் மனுதாரர் மேல் நம்பிக்கை இழந்தோம் என்று கூறுவோம்’ என்று அதில் இருக்கிறது. வழக்கை மீளப் பெற்றால் அந்தப் பந்தி அப்படியே இருக்கும். யாரும் அதற்கு மறுமொழி எழுதியிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு நான் மூன்றாவது மேசையில் இருந்தேன். சிரித்தேனா என்று நினைவில்லை. சிரித்திருப்பேன்.

இதை எழுத வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் யூனிவேர்சிற்றிக்குப் போன முதல் ஆள் நான். முதல் வருடம் எல்லோரும் வட்டமாக இருந்து, வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று சொன்னோம். நான், “அப்பா லொஜிஸ்ரிக்ஸ்” என்றேன். வான் ஓடுகிறவர் என்று சொல்லவில்லை. மூன்று வருடமும் அப்படியே இருந்தது. பட்டமளிப்பு அன்று அப்பா வேலைச் சட்டையோடு நேரே வந்தார், ஷிப்ட் மாற்ற முடியவில்லை. என் சிநேகிதி அவரோடு படம் எடுத்துக்கொண்டாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் நிற்க இடம் போதாமல் இருந்தது. இன்றுவரை அதை அவரிடம் சொல்லவில்லை.

வாக்குமூலங்கள் மே 23க்குள் போக வேண்டும். படிவம் வந்தால் அதை அனுப்புவோம்.

மஹதி


மிச்சம்
2 மே 2025

பிள்ளை மஹதிக்கு,

படிவம் அலுமாரிக்குள் இருக்கிறது. இப்போதைக்கு அங்கே இருக்கட்டும்.

நீ கேட்ட ஒரு நாள் இது. செவ்வாய்க்கிழமையை எழுதுகிறேன், அன்றைக்குத்தான் வேலை கூட.

ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இருந்து கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வெளிக்கிடுவேன். ஏழுக்குச் சபை. ஷட்டரைத் தூக்கி அலாரத்தை நிற்பாட்டி, பின்னறையில் ரையைக் கழற்றிக் கொழுவிவிட்டு மண்ணிற மேல்சட்டையைப் போடுவேன். குப்பைகளைக் கட்டி வெளியில் வைப்பேன். கக்கூசுகளில் கடுதாசி பார்ப்பேன். எட்டரைக்கு டைரக்டருக்குக் கறுப்புத் தேத்தண்ணி, கராம்பு இரண்டு போட்டு. கணக்காளருக்குப் பால். ஒன்பதுக்கு வான் வரும். பெட்டிகளை இறக்கி, ஒவ்வொரு சாக்கிலும் ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் பரப்பி, காம்பு, கல், தலை உடைந்தது எல்லாம் பொறுக்குவேன். நல்லதைச் சிறு போத்தல்களில் போட்டு லேபல் ஒட்டுவேன். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற போத்தல் அதுதான். யாரும் வந்தால் கோட்டை வாங்கிக் கொழுவுவேன். கூட்டம் என்றால் கதிரை போடுவேன். பின்னேரம் கப்புகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிலம் கூட்டுவேன். பல்பு போனால் ஏணி வைத்து மாற்றுவேன். ஐந்தரைக்கு ரையைக் கட்டிக்கொண்டு பூட்டுவேன்.

தேசிய தினத்துக்கு வாசலில் கொடி கட்டினதும் நான்தான். அது அரசாங்க வேலையோ என்று உன் சொலிசிற்றரிடம் கேள்.

தட்டைப் பற்றியும் எழுதுகிறேன். 2023 தேசிய தின விருந்து முடிய, பழைய டைரக்டர் சொல்லி அதை ஸ்ரோரில் சாம்பல் கம்பளியில் சுற்றி, மேல் அடுக்கில் நீலப் பெட்டிக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு நான் தொடவில்லை. அடுத்த வருட விருந்துக்கு நான் ஆஸ்பத்திரியில்.

இவ்வளவையும் எழுதி உன் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாகேஸ்வரி அந்தத் தாளை வாங்கித் தானும் ஒரு தரம் பார்த்தா. பிறகு, “கக்கூசும் நீங்களோ? எனக்கும் சொல்லேல்லையே” என்றா. அடுத்த நாள் ஜதுர்ஷிகாவைக் கூப்பிட்டு அவளுக்கும் சொன்னேன். புருசன் வீட்டுக்கு எப்போது சொல்வது என்று தானே பார்த்துக்கொள்கிறாளாம்.

மொழிபெயர். எதையும் அழகாக்காதே.

ஸ்ரீதரன்


ரெய்னர்ஸ் லேன்
9 மே 2025

பெரியப்பாவுக்கு,

மொழிபெயர்த்துவிட்டேன். அழகாக்கவில்லை. இங்கிலீசில் இரண்டு பக்கமும் மூன்று வரியும் வந்தது. ‘தலை உடைந்தது’ என்பதற்கு மட்டும் நேரம் எடுத்தது. கடையில் ஒரு பைக்கற் கராம்பு வாங்கி மேசையில் கொட்டிப் பார்த்துத்தான் அந்த வரியை எழுதினேன்.

றஜீனா அக்கா வாசித்தார். கொடியைப் பற்றி, “கொடி கட்டினவர் அரசாங்கம் எண்டால் எங்கட தெருவில பாதிப் பேர் அரசாங்கம்” என்றார். நல்ல வாக்குமூலம் என்றார். பிறகு பேனையை வைத்துவிட்டு, அவர்களுடைய வக்கீல் உங்களை என்ன கேட்பார் என்று சொல்லிக்காட்டினார்.

“மிஸ்ரர் ஸ்ரீதரன், 2018இல உங்களுக்கு உத்தியோகத்தராய் இருக்க வேண்டியிருந்தது, அப்பிடி எழுதுவிச்சீங்கள். 2025இல வேலையாளாய் இருக்க வேண்டியிருக்கு, இப்பிடி எழுதுறீங்கள். நீதிமன்றம் எதை நம்பிறது?”

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர்களுடைய வக்கீல் அதைக் கட்டாயம் கேட்பார். சம்பந்தம் பேச வாங்கிய கடிதம் என்று நீங்கள் சொன்னால் அது நீங்கள் சொல்வது மட்டுமே. பழைய டைரக்டர் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். இரண்டு மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் இல்லை. கணக்காளர் இன்னும் அவர்களிடம் சம்பளம் வாங்குகிறார், அவர் வரமாட்டார். அங்கே உள்ளே வந்து, உங்களை மண்ணிற மேல்சட்டையோடு கண்டு, அவர்களிடம் இழக்க எதுவும் இல்லாத ஒருவர் வேண்டும். உங்களுக்காகப் பொய் சொல்வார் என்று யாரும் சொல்ல முடியாத ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது என்றார் றஜீனா அக்கா. “அப்பிடி ஒருத்தரை எங்க போய்த் தேடுறது?” என்று பெருமூச்சு விட்டார்.

வேறு சில சின்ன விடயங்கள். விசாரணைக்குப் பத்து மணிக்கு முன் வர வேண்டும். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் கொண்டு வாருங்கள். மொழிபெயர்க்க நீதிமன்றம் தன் ஆளை வைக்கும், நான் உறவு என்பதால் என்னை விடமாட்டார்கள். நான் பின் வரிசையில் இருப்பேன். முழங்காலுக்கு ஏலாது என்றால் சொல்லுங்கள், லிப்ட் உள்ள பக்கத்தால் கூட்டிப் போகலாம். உங்கள் வாக்குமூலத்தின் இரண்டு பிரதிகளை இதோடு அனுப்புகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வேண்டும்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை இரண்டு தரம் இந்த இடத்தில் நிற்பாட்டிவிட்டு எழுந்துபோனேன்.

பதினொரு வருடம் ஒவ்வொரு செவ்வாயும் அந்தக் கதவால் உள்ளே வந்த ஒருவர் இருக்கிறார். நீங்கள் சாக்கு இறக்கியதைக் கண்டவர், உங்கள் கையால் தேத்தண்ணி குடித்தவர், நீங்கள் என்ன வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்று முதல் நாளிலிருந்து தெரிந்தவர். ஆறு வருடமாக உங்களோடு பேசாதவர் என்பதால், உங்களுக்குச் சார்பாகச் சொல்கிறார் என்று அவர்களால் நிறுவ முடியாது. அவர் அங்கே சொல்லப் போவது முழு மண்டபத்துக்கும் முன்னால் ஒரு தரம் சொன்னதுதான். இந்த முறை சத்தியம் செய்துவிட்டுச் சொல்வார், ஒருவர் அதை எழுதி எடுப்பார், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

உங்களுக்குத் தந்த வாக்குப்படி அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்படி நீங்கள் அனுமதித்தாலும், அது ஒரு அலுவலகக் கடிதமாகத்தான் அவரிடம் போகும். அப்படிப் போவதை நான் விரும்பவில்லை. இன்றைக்கு ஒன்பதாம் திகதி. இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. அவருடைய நம்பர் மாறவில்லை, ஞாயிறு காலையில் வீட்டில்தான் இருப்பார்.

அப்பாவை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள், பெரியப்பா.

மஹதி